சிவசமுத்திரம் மின்நிலையமும் நம்ம ஊர்க் குறுவையும்

மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "காவிரியில் முதன்முதலாகக் கட்டிய மின்நிலையம் சிவசமுத்திரம் என்று படித்தேன். அதன் வரலாறும் கட்டட அமைப்பும் என்ன? நம்ம டெல்டாவுக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? போய்ப் பார்க்க முடியுமா?"

நடுவில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் நிறையவே உண்டு. காவிரிப் பிரச்சினை என்றதும் நமக்கு வயலும் வாய்க்காலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் மைசூர் பக்கத்துக் கண்ணம்பாடி அணை, அதாவது கிருஷ்ணராஜசாகர், கட்டக் கிளம்பியதற்கான முதல் காரணங்களில் ஒன்று நெல் அல்ல, மின்சாரம். சிவசமுத்திரத்து டர்பைன்கள் கோடையிலும் நிற்காமல் ஓட வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் 1910க்குப் பிறகு மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடந்த சண்டை, 1924 ஒப்பந்தம், மேட்டூர் அணை எல்லாம் வரிசையாக வந்தன. நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சொந்த ஊர் திருவையாறு பக்கம். அதனால் இந்தக் கதையை இரண்டு கரையிலும் நின்று பார்த்துப் பழக்கம்.

அடிக்கடி கண்ணில் படும் சில தவறுகளை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம் சிவசமுத்திரம் என்று எழுதுகிறார்கள். இல்லை. ஜப்பானில் கியோட்டோவின் கெயாகே நிலையம் 1891லேயே வந்துவிட்டது. இந்தியாவிலும் டார்ஜிலிங் பக்கம் சித்ராபோங் 1897 நவம்பரில் ஓட ஆரம்பித்தது. அது 130 கிலோவாட், ஊர் விளக்குகளுக்குப் போதுமானது. சிவசமுத்திரம் 1902. ஆனால் தொழிலுக்காகப் பெரிய அளவில் மின்சாரம் உற்பத்தி செய்து, நெடுந்தூரம் கொண்டுபோய் விற்றதில் இந்தியாவில் அதுதான் முதல். உலகிலேயே நீளமான மின்பாதை என்ற பெருமையையும் கொஞ்சம் அடக்கித்தான் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் கோல்கேட்டிலிருந்து ஓக்லண்டு வரை சுமார் 140 மைல் பாதை 1901லேயே வந்துவிட்டது. சிவசமுத்திரம்–கோலார் பாதை 92 மைல். அந்தக் காலத்துக்கு அதுவே அசாத்தியம்தான்.

கதை கோலார் தங்கவயலில் தொடங்குகிறது. சுரங்கங்களை நிர்வகித்தது லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ். மண்ணுக்கடியில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சித்தூர் பக்கத்துத் தமிழர்கள். சுரங்கம் ஆழமாக ஆழமாக, ஆளையும் கல்லையும் மேலே இழுக்கும் இயந்திரம், காற்றடிக்கும் கம்ப்ரசர், பாறையைப் பொடியாக்கும் ஆலை என்று எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டியிருந்தது. அதற்கான நிலக்கரி வெகுதூரத்திலிருந்து ரயிலில் வர வேண்டும், விறகும் வண்டி வண்டியாக எரிந்தது. இன்னொரு பக்கம், மைசூர் அரசின் கையில் காவிரி சும்மா விழுந்துகொண்டிருந்தது.

அப்போது மைசூர் திவான் கே. சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1883 முதல் 1901 வரை பதவியில் இருந்தார். இளைய மகாராஜாவுக்கு வயது வராததால், ராஜமாதா வாணி விலாச சன்னிதானம் ரீஜென்டாக இருந்த காலம் அது. திட்டத்துக்குப் பொறியியல் மூளை, மைசூரில் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்த ராயல் இன்ஜினியர்ஸ் அதிகாரி ஜோலி டி லோட்பினியர் என்ற கனடாக்காரர். நயாகராவிலிருந்து பஃபலோ நகரத்துக்கு 1896ல் மின்சாரம் போன சேதி அப்போது புதுசு. அங்கே 26 மைல். இவர் கேட்டது அதைப்போல மூன்றரை மடங்கு தூரம். மின் இயந்திரங்களை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியும் டர்பைன்களை ஸ்விட்சர்லாந்தின் எஷர் வைஸ் கம்பெனியும் கொடுத்தன. கப்பலில் வந்து ரயிலேறிய சாமான்களை மத்தூர் ஸ்டேஷனில் இறக்கி, மாட்டு வண்டி கட்டியும் யானையை விட்டு இழுத்தும் கொண்டுபோனார்கள். அந்தச் சாலையில் இன்றைக்குக் கார் போவதே ஏற்ற இறக்கம்தான்.

1902 ஜூன் 30 அன்று நிலையம் ஓடத் தொடங்கியது. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை, அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். நிலையத்துக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள். 1905 ஆகஸ்டில் பெங்களூர் தெருவிளக்குகளும் இதே மின்சாரத்தில் எரிந்தன. ஆக வரிசை இதுதான்: முதலில் தங்கச் சுரங்கம், மூன்று வருஷம் கழித்துத்தான் நகரம். மக்களுக்கு விளக்கு போடுவதற்காக யாரும் இதைக் கட்டவில்லை.

சரி, இனி அமைப்பு. நீர்மின் நிலையம் என்றால் இயந்திரம் இருக்கும் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். கட்டடம் அதில் கடைசி அறை மாதிரிதான். அமைப்பு மலைக்கு மேலே, ஆற்றிலேயே தொடங்கிவிடும்.

சிவசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவை விடுகிறது. மேற்குக் கிளை ககனசுக்கி அருவியாகவும் கிழக்குக் கிளை பரசுக்கி அருவியாகவும் விழும். அருவிக்கு மேலேயே ஆற்றிலிருந்து ஒரு கால்வாயைப் பிரித்தார்கள். கால்வாய்க்குச் சரிவு மிகக் குறைவு, கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போகும். ஆறு பள்ளத்தில் விழுந்துவிட, கால்வாய் மட்டும் மேட்டிலேயே இருக்கும். இந்த மட்ட வித்தியாசம்தான் விற்பனைப் பொருள். சிவசமுத்திரத்தில் அது சுமார் 400 அடி. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினால் அந்த உயரத்துக்குக் கொஞ்சம் கூடும்.

கால்வாய் முடியும் இடத்தில் ஒரு தொட்டி. ஃபோர்பே என்பார்கள். வண்டலும் சருகும் இங்கே தங்கிவிட வேண்டும், தண்ணீர் அலையில்லாமல் நிற்க வேண்டும். காற்றுக் குமிழியோடு தண்ணீர் குழாய்க்குள் போனால் கீழே டர்பைன் அதிரும். தொட்டியிலிருந்து இரும்புக் குழாய்கள், அதாவது பென்ஸ்டாக், மலைச்சரிவில் நேராக இறங்குகின்றன. பக்கத்திலேயே தண்டவாளம் போட்டு ஒரு டிராலி உண்டு. கனமான உதிரிகளும் ஆட்களும் ஏறி இறங்க அதுதான் வழி. டிராலியில் இறங்கும்போது குழாய்களைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். குழாய் வளையும் இடத்திலெல்லாம் கல்லும் காரையும் கொண்டு பெரிய மேடை கட்டி அதைப் பிடித்து வைத்திருப்பார்கள். வேகமாக வரும் தண்ணீர் திரும்புகிற இடத்தில் குழாயையே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும், அதனால்தான். கீழே ஒரு வால்வைச் சட்டென்று மூடினால் அந்த அடி குழாய் முழுக்க மேலே ஓடும். வீட்டில் பைப்பைப் பட்டென்று மூடும்போது சுவரில் ஒரு சத்தம் கேட்குமே, அதே விஷயம்தான், 400 அடி தண்ணீரோடு.

பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றங்கரையில் மின்நிலையக் கட்டடம். அந்தக் காலத்து மின்நிலையங்கள் எல்லாமே நீண்ட ஒற்றைக் கூடம்தான். அகலம் குறைவு, நீளம் அதிகம், கூரை உயரம். ஏன் அப்படி? குழாய்கள் மலையிலிருந்து வரிசையாக வருகின்றன, எனவே இயந்திரங்களும் வரிசையாகத்தான் நிற்க முடியும். ஒவ்வொரு இயந்திரத்தையும் என்றைக்காவது கழற்றித் தூக்கியாக வேண்டும், அதற்குக் கூரைக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகரும் கிரேன் வேண்டும், கூரை அதற்காக உயர்ந்தது. ஜெனரேட்டர் கக்கும் சூடு வெளியே போகவும் பகலில் விளக்கில்லாமல் வேலை பார்க்கவும் பெரிய பெரிய ஜன்னல்கள். இயந்திரம் வேலை செய்யும் முறையே கட்டடத்தின் வடிவத்தைத் தீர்மானித்துவிடுகிறது. பின்னால் கூடுதல் இயந்திரம் வேண்டும் என்றால் கூடத்தின் ஒரு முனையை நீட்டினால் போதும். சிவசமுத்திரமும் பல கட்டங்களாக வளர்ந்ததுதான்.

முதல் கட்டத்தில் இருந்தவை 720 கிலோவாட் ஜெனரேட்டர்கள் ஆறு. மொத்தம் 4,320 கிலோவாட், சுமார் 6,000 குதிரைத்திறன். அவை 2,200 வோல்ட்டில் உற்பத்தி செய்தன. அதை அப்படியே 92 மைல் அனுப்பினால் கம்பியைச் சூடாக்கியே தீர்ந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரில் 35,000 வோல்ட்டாக ஏற்றினார்கள். மின்னழுத்தம் 16 மடங்கு ஏறினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் 16ல் ஒரு பங்கு, வீணாகும் மின்சாரம் 256ல் ஒரு பங்கு. நெடுந்தூர மின்பாதையின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு கணக்குதான். இன்னொரு விசித்திரம், அலைவெண் விநாடிக்கு 25. நமக்குப் பழக்கமான 50 அல்ல. சுரங்க மோட்டார்களுக்கு அது தோதானது. விளக்குக்குத்தான் சரிப்படாது, மினுக்மினுக்கென்று கண்ணை உறுத்தும்.

இனி நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இது.

400 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீரில், அந்தக் காலத்து இயந்திரத் திறனை வைத்துப் பார்த்தால், 4,320 கிலோவாட் எடுக்க விநாடிக்குச் சுமார் 180 கன அடி போதும். நம்மூரில் ஒரு நடுத்தர வாய்க்காலில் ஓடும் தண்ணீர்தான் அது. அதிலும் டர்பைன் தண்ணீரைக் குடித்துவிடுவதில்லை, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறது. அதனால் 1902ல் தஞ்சாவூரில் ஒரு வயலும் காயவில்லை, யாருக்கும் பெரிய வருத்தமும் இல்லை.

சிக்கல் வெற்றியால் வந்தது. தங்கவயல் மேலும் மேலும் மின்சாரம் கேட்டது, பெங்களூரும் மைசூரும் கேட்டன, இயந்திரங்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பிற்காலத்தில் நிலையம் 42 மெகாவாட் அளவுக்கு வந்தது. பின்னாள் இயந்திரங்களின் கூடுதல் திறனையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முழு வீச்சில் ஓட விநாடிக்குச் சுமார் 1,500 கன அடி வேண்டும். ஆடியில் காவிரிக்கு அது கொசுறு. ஆனால் மாசி, பங்குனி, சித்திரையில் அவ்வளவு எங்கே ஓடும்? 1,500 கன அடி வீதம் ஒரு நாளைக்கு 0.13 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). ஜனவரியிலிருந்து மே வரை ஐந்து மாதத்துக்கு ஏறக்குறைய 20 டி.எம்.சி. மழைக்காலத்தில் எங்காவது தேக்கி வைத்தால் ஒழிய இது நடக்காது.

எம். விஸ்வேஸ்வரய்யா 1909ல் மைசூரின் தலைமைப் பொறியாளராக வந்தார். கண்ணம்பாடி அணைத் திட்டத்தை முன்வைத்தார். சிவசமுத்திரத்துக்கு ஆண்டு முழுக்கச் சீரான தண்ணீர், அதோடு மண்டியா பக்கம் பாசனம், இரண்டும் சேர்ந்த திட்டம். 41.5 டி.எம்.சி. தேக்குவது என்று மைசூர் கேட்டது. சென்னை மாகாணம் மறுத்தது, காரணம் டெல்டா. இந்திய அரசு 11 டி.எம்.சி. அணைக்குத்தான் சம்மதித்தது. மைசூர் 1911ல் வேலையைத் தொடங்கி, அஸ்திவாரத்தை மட்டும் பிறகு முழு உயரத்துக்கும் எழுப்பும்படியாக அகலமாகப் போட்டது. அஸ்திவாரத்தைப் பார்த்தாலே மாடி எத்தனை என்று தெரிந்துவிடுமே, சென்னைக்கும் தெரிந்தது.

டர்பைன் தண்ணீரைக் குடிக்காது என்றால் டெல்டா எதற்குச் சண்டை போட்டது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பிரச்சினை அளவைவிட நேரத்தில் இருக்கிறது. மின்நிலையத்துக்கு வருஷம் 365 நாளும் ஒரே சீராகத் தண்ணீர் வேண்டும். டெல்டாவுக்கு அப்படி வேண்டாம். ஜூனில் நாற்றங்காலுக்கு வேண்டும், ஜூலையிலும் ஆகஸ்டிலும் குறுவைக்கு நிறைய வேண்டும், பிறகு சம்பா, தாளடி, தை வரைக்கும். மாசியில் அறுவடை முடிந்த வயலுக்குள் தண்ணீர் வந்தால் யாருக்கு லாபம்? ஜூலை வெள்ளத்தைப் பிடித்து வைத்து மார்ச்சில் டர்பைன் வழியாக விட்டால், வருஷக் கணக்கில் ஒரு சொட்டுக்கூடக் குறையாது. குறுவை மட்டும் போய்விடும். தலைமடைக்காரன் "உன் பங்கைக் கொடுத்துவிட்டேனே" என்று சொல்லி, நட்ட பயிர் காய்ந்த பிறகு மடையைத் திறந்த கதைதான்.

வழக்கு நடுவர் கிரிஃபினிடம் போனது. 1914 மே மாதம் தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக வந்தது. சென்னை மேல்முறையீட்டுக்குப் போக, பேச்சுவார்த்தை நீண்டு நீண்டு 1924 பிப்ரவரி 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 50 ஆண்டு கழித்து மறுபரிசீலனை என்று அதில் இருந்த ஷரத்தைத்தான் 1974 என்று நாம் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த ஒப்பந்தத்தில் டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கண்ணம்பாடியில் எப்போது தண்ணீர் தேக்கலாம் என்பதற்கு அளவுகோல் கண்ணம்பாடியில் இல்லை, திருச்சி பக்கம் நம்ம முக்கொம்பில் இருந்தது. முக்கொம்பு மேலணையில் காவிரியின் நீர்மட்ட அளவு, மாதத்துக்கு மாதம் ஒரு குறிப்பிட்ட அடிக்குக் கீழே போகாதபடி பார்த்துக்கொண்டுதான் கண்ணம்பாடியில் தேக்க வேண்டும். முக்கொம்பில் அளவுக்கோலைப் படிக்கிற லஸ்கருக்கு மைசூர் ராஜ்யத்து அணை ஒருவகையில் கட்டுப்பட்டிருந்தது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம். குறுவைக்கான பாதுகாப்பு முழுவதும் அந்த விதியில்தான் இருந்தது. மொத்தமாக வருஷத்துக்கு இத்தனை டி.எம்.சி. என்று பேசுவதைவிட இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பது என் கருத்து.

ஒப்பந்தம் வந்ததும் சென்னை மாகாணம் பல வருஷமாகப் பெட்டியில் வைத்திருந்த மேட்டூர்த் திட்டத்தை எடுத்தது. 1925ல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்டில் அணை திறந்தார்கள், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. இங்கே மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் உள்ள முறை தலைகீழ். அணையின் காலடியில் மின்நிலையம், அணைச் சுவரின் வழியாகவே குழாய்கள். சிவசமுத்திரம் போல நீண்ட கால்வாயோ மலைச்சரிவோ கிடையாது. உயரம் அணையில் நிற்கும் தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. மட்டம் இறங்க இறங்க அதே தண்ணீரில் கிடைக்கும் மின்சாரமும் இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், பாசனத்துக்குத் தண்ணீர் விட்டால்தான் மேட்டூரில் மின்சாரம். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பது வயலுக்காகப் போட்ட தேதி. மின்வாரியம் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பணியில் இருந்தபோது இதற்காக முணுமுணுத்த சகாக்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் வந்ததில்லை, எங்கள் வீட்டிலும் வயல் இருந்தது.

மேட்டூர் அணை மின்நிலையம் 1937ல் ஓட ஆரம்பித்தது, 10 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். அந்த மின்சாரம்தான் திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் கம்பி வழியாக வந்தது. சுரங்க மின்நிலையம் 1960களில் வந்தது, 200 மெகாவாட். அப்புறம் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று கீழே கதவணைகள். இன்றைக்குத் தமிழ்நாட்டின் மொத்த மின்தேவையில் இதெல்லாம் சின்னப் பங்குதான்.

ஆனால் ஒரு சுற்று பாருங்கள். மேட்டூர் திறக்கத் தாமதமாகும் வருஷத்தில் டெல்டாவில் குறுவையைக் காப்பாற்றுவது போர்செட்டும் மும்முனை மின்சாரமும்தான். ஆற்றில் வராத தண்ணீரை, ஆறு எப்போதோ மண்ணுக்குள் விட்டுப் போன தண்ணீரிலிருந்து மோட்டார் வைத்து எடுக்கிறோம். மின்சாரத்தை எதிரி என்று பார்த்த டெல்டா இப்போது அதை நம்பித்தான் நாற்று விடுகிறது. நிலத்தடி நீர் இறங்கி, கடலோரத்தில் உப்பு ஏறுவது தனிக் கவலை. அது வேறு பதிலுக்கு உரிய விஷயம்.

மேக்கேதாட்டு பற்றிப் படிக்கும்போதும் இந்தப் பழைய கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 67 டி.எம்.சி. அணை, 400 மெகாவாட் மின்சாரம், பெங்களூருக்குக் குடிநீர் என்று கர்நாடகம் சொல்கிறது. மின்சாரம் எடுத்தால் தண்ணீர் குறையாது என்ற வாதம் மறுபடியும் வரும். அது உண்மைதான், 1910லும் உண்மைதான். கேட்க வேண்டிய கேள்வி, திறக்கும் சாவி எந்த மாதத்தில் யார் கையில் இருக்கும் என்பதுதான்.

கடைசியாகப் போய்ப் பார்ப்பது பற்றி. பெங்களூரிலிருந்தோ மைசூரிலிருந்தோ மளவள்ளி வழியாகப் போகலாம், கொள்ளேகால் பக்கமாகவும் வழி உண்டு. நிலையம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் உள்ளே இறங்க முன்அனுமதி வாங்க வேண்டும், கல்லூரி மூலமாகக் கடிதம் கொடுத்தால் சுலபம். மின்பொறியியல் மாணவர் என்றால் கூடவே சிம்சா நிலையத்துக்கும் அனுமதி கேட்டுப் பாருங்கள். 1940ல் வந்தது, சிவசமுத்திரக் கால்வாயில் மிஞ்சும் தண்ணீரில் ஓடுவது. அருவி பார்க்க ஜூலை, ஆகஸ்டில் போங்கள். கோடையில் போனால் வெறும் பாறைதான் இருக்கும், வருகிற தண்ணீரையெல்லாம் மின்நிலையத்துக் கால்வாய் எடுத்துக்கொண்டு போய்விடும். உங்களுக்கு மின்நிலையம்தான் முக்கியம் என்றால் அந்தக் கோடைக் காட்சியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அருவியில் பாய வேண்டிய தண்ணீர் குழாய்க்குள் போவது அப்போதுதான் கண்ணுக்குப் புரியும்.